பத்து தெத்ரி

எங்கள் லிஃப்ட் காசு கேட்கும்.
பெட்டியின் வாயில் பத்து தெத்ரி போட்டால்
ஒரு முனகல், பிறகு மேலே.
காசில்லாதவன் படியேறலாம், ஒன்பது மாடி,
கடவுள் துணை.

படம் எடுக்கப்போகிறேன் என்று சியாலா சொன்னபோது
அவளுக்கு அறுபத்து நான்கு.
ருஸ்தாவி எஃகு ஆலையில்
முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டியவள்.
மருமகன் கழித்துக்கட்டிய கேமரா,
ஓரத்தில் கீறல் விழுந்த லென்ஸ்,
ஓய்வூதியத்தில் மருந்து போக மிஞ்சியது.
"கதை?" என்றேன்.
"லிஃப்ட்டுக்குள் இரண்டு பேர். பேசிக்கொள்வதில்லை.
ஒருவனிடம் காசில்லை. அவ்வளவுதான்."

நடிக்க வாலிகோவையும் ஜெமாலையும் பிடித்தாள்.
மைத்துனர்கள். ஒரு கராஜுக்காக
ஒன்பது வருடமாக முகம் பார்ப்பதில்லை.
"ஒத்திகைச் செலவு மிச்சம்" என்றாள்.
இருவரிடமும் தனித்தனியே,
மற்றவன் பயந்து பின்வாங்கிவிட்டான்
என்று சொன்னதாகக் கேள்வி.

நான் ஒலிப்பதிவு.
ரொட்டித் தொழிற்சாலையில் கணக்கெழுதியவனுக்கு
ஒலியைப் பற்றி என்ன தெரியும்?
ஒப்புக்குச் சப்பாணி.
வாலிகோவின் ரொட்டிப் பையில் மைக்கை ஒளித்துவிட்டு
ஆறாம் மாடியில் ஸ்டூல் போட்டு
ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருப்பேன்.
கணக்கை மட்டும் விடவில்லை:
முதல் நாள் நாற்பத்தொரு காசு.
இரண்டாம் நாள் ஐம்பத்தாறு,
அதில் மூன்று, நாய் குறுக்கே வந்ததால்.
மூன்றாம் நாள் எட்டாம் மாடி குலிகோ
உருளைக்கிழங்கு மூட்டையோடு ஏறி
போலந்தில் இருக்கும் மகனுக்கு
கேமராவைப் பார்த்தே சேதி சொன்னாள்.
அது படத்தில் இருக்கிறது.

சியாலா அதட்டமாட்டாள்.
கீழிருந்து தனக்குக் காட்டிய சைகைகளை
இப்போது எங்களுக்குக் காட்டினாள்:
உள்ளங்கை தாழ்ந்தால் மெதுவாக,
முஷ்டி என்றால் நில்.

நான்காம் நாள் மின்சாரம் போனது.
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே
மூன்று பேரும் தொங்கினார்கள்.
கேமராவில் பேட்டரி இருந்தது,
அதன் தலையில் ஒரு சிறு விளக்கும்.
மைக்கும் உயிரோடுதான் இருந்தது. எனக்கு எல்லாம் கேட்டது:
முதலில் மூச்சு.
பையின் சரசரப்பு.
பிறகு ஜெமால், ஒரே ஒரு வார்த்தை.
பிறகு வாலிகோ.
எழுதிக் கொடுத்த வசனம் அல்ல.
நாற்பது நிமிடம்.
அழுதாயா என்று கேட்காதீர்கள்,
மூக்கு ஒழுகியது, மாடியில் குளிர்.

பதிவுப் பொத்தானை
நான் அழுத்தவே இல்லை.

மூன்று நாள் சியாலா என்னோடு பேசவில்லை.
படியேறிப் போய்த் தட்டுவேன்,
காசு போட்டு ஏற மனம் வரவில்லை.
உள்ளே நாற்காலி நகரும், கதவு திறக்காது.

நான்காம் நாள் அவளே வந்தாள்,
கக்கத்தில் மடிக்கணினி, தூங்காத கண்.
"பார்."
இருட்டில் இரண்டு வாய்கள் அசைகின்றன.
சத்தமே இல்லை.
ஜெமாலின் கை உயர்ந்து,
அடிக்கவா அணைக்கவா என்று தெரியாமல்
சுவரில் போய் ஊன்றுகிறது.
வாலிகோ ரொட்டியைப் பிய்க்கிறான்.

"கூண்டில் எனக்கு எதுவும் கேட்டதில்லை,
அந்த உலைச் சத்தத்தில்" என்றாள்.
"கீழே வாய்கள் அசையும்.
யாருக்கு யார் கடன், யார் யாரோடு,
எவன் வீட்டில் சாவு,
எல்லாம் தெரிந்துதான் சுமையை இறக்கினேன்.
இப்படியே இருக்கட்டும்."

பதினான்கு நிமிடப் படம்.
ஏழு விழாக்கள் வேண்டாமென்றன.
ஒன்று, ஒலியைச் சரிசெய்து அனுப்பச் சொன்னது.
அந்தக் கராஜிலேயே திரையிட்டோம்,
பழைய டயர்களின் மேல் இருபத்திரண்டு பேர்.
மைத்துனர்கள் ஒட்டி உட்காரவில்லை,
நடுவே ஒரு டயர் காலி.

வாய்கள் அசையத் தொடங்கியதும்
குலிகோ என் விலாவில் இடித்தாள்:
"என்னதான் பேசுகிறார்கள்?"
"கராஜைப் பற்றி இல்லை" என்று
நான் ஆரம்பிப்பதற்குள்
முன்வரிசையில் சியாலா
திரும்பாமலே
முஷ்டியை உயர்த்தினாள்.